பாக்கியமா? பாகமா?

(திருவண்ணாமலைப் பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அதிர்ஷ்டம், பாக்கியம், தலைவிதி என்பவைகளைப் பற்றியும், மனிதனுடைய இன்பத்துக்கும் அவைகளுக்கும் ஏதாவது சம்பந்தமுண்டா என்பதைப் பற்றியுமாகும். இதைப் பேசுவதற்குத் திருவண்ணாமலையைவிடத் தகுந்த ஊர் வேறொன்று இருக்குமென்று நமக்குத் தோன்றவில்லை. ஏனெனில், பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான ஜனங்கள் இவ்வூருக்கு வந்து, இந்த மலையைச் சுற்றி 14 கிலோ மீட்டர் தூரம் காலால் நடந்து போகிறார்கள். அவர்களில் மோட்சத்துக்காக நடப்பவர் எத்தனை பேர், மகளுக்கு மாப்பிள்ளை, மகனுக்கு உத்தியோகம், கடன் தீர ஒரு வழி, வயிற்றில் ஒரு பிள்ளை என்பவைகளுக்காக நடப்பவர் எத்தனை பேர் என்று நீங்களே அவர்களைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதெல்லாம் இவ்வுலகத்துச் சங்கதிகளாகவே இருக்கும். ஆகையால் நாம் அவர்களைப் பரிகாசம் செய்ய வரவில்லை. அவர்கள் கேட்பது நியாயமானதே. கேட்க வேண்டிய இடத்தில் கேட்கிறார்களா என்பதைத்தான் யோசிக்கச் சொல்லுகிறோம்.

முதலில் வார்த்தைகளைக் கவனிப்போம். ஒருவனுக்கு நல்லது நடந்தால் அதிர்ஷ்டசாலி என்கிறோம், பாக்கியவான் என்கிறோம், யோகக்காரன் என்கிறோம், கொடுத்து வைத்தவன் என்கிறோம். கெட்டது நடந்தால் தலையெழுத்து, கர்மம், கிரகம் சரியில்லை, வாங்கி வந்த வரம் அப்படி என்கிறோம். இவ்வளவு வார்த்தைகளை வைத்திருக்கிற நாம், இவைகளில் ஒன்றுக்காவது அர்த்தம் என்னவென்று நின்று கேட்டதுண்டா? சொல்லுகிறவனும் கேட்பதில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறவனும் கேட்பதில்லை.

அதிர்ஷ்டம் என்பது வடமொழிச் சொல். திருஷ்டம் என்றால் காணப்பட்டது. அதிருஷ்டம் என்றால் காணப்படாதது. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். வைசேஷிக சூத்திரம் என்று ஒரு பழைய சாஸ்திரம் இருக்கிறது. கணாதர் என்பவர் செய்ததாகச் சொல்லுவார்கள். காந்தக்கல்லை நோக்கி ஊசி ஓடுகிறதே, அதற்குக் காரணம் என்ன என்பதற்கு அந்தச் சாஸ்திரம் சொல்லுகிற பதில் அதிருஷ்டம் என்பதாகும். தீ மேல்நோக்கி எரிவதற்கும், காற்று குறுக்காக வீசுவதற்கும், மரத்துக்குள் நீர் மேலே ஏறுவதற்கும் அதே பதில்தான். அதாவது, அவர்களுக்குக் காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்பதற்கே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்துக்கு அது குற்றமுமல்ல. ஆனால், இன்றைக்கு நம்மூர் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டால், காந்தத்துக்கு இரண்டு முனைகள் உண்டென்பதையும், சூடான காற்று லேசாகி மேலே போகும் என்பதையும் அது சொல்லிவிடும். ஊசியினுடைய அதிர்ஷ்டம் போய்விட்டது. மனிதனுடைய அதிர்ஷ்டம் மாத்திரம் போகவில்லை!

இன்னும் கேளுங்கள். வைசூரி வந்தால் மாரியாத்தாள் விளையாடுகிறாள் என்று வாசலில் வேப்பிலை கட்டினோம். பிழைத்தால் அவள் கருணை. செத்தால் அவள் எடுத்துக்கொண்டாள். கண் போனால் தலைவிதி. அம்மை குத்துகிறவர்கள் ஊர் ஊராக வந்து, ஓடி ஒளிந்தவர்களையெல்லாம் தேடிப் பிடித்துக் குத்தினார்கள். 1975-ஆம் வருஷத்தோடு இந்தியாவில் வைசூரி தீர்ந்தது. 1980-ல் உலகத்தைவிட்டே அது ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குழந்தையைப் பார்த்து, போன ஜென்மத்துப் பாவம் என்றோம். 2011-க்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவுகிற அந்தக் கிருமியால் ஒரு குழந்தைக்கும் புதிதாகக் கால் போகவில்லை. 2014-ல் அந்த வியாதி இந்நாட்டில் ஒழிந்ததென்று நற்சாட்சியும் கொடுத்துவிட்டார்கள். போன ஜென்மத்துப் பாவத்தை இரண்டு சொட்டு மருந்து கழுவிவிட்டதென்றால், அது பாவமா, கிருமியா? அல்லது 2011-க்குப் பிறகு பிறந்தவர்களெல்லாம் போன ஜென்மத்தில் புண்ணியவான்களாகவே இருந்தார்கள் என்று நம்பச் சொல்லுகிறீர்களா?

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. காணப்படாதது அதிர்ஷ்டம், அது நன்மை செய்யும் என்கிறார்கள். காணப்படுவது, அதாவது கண் படுவது, திருஷ்டி. அது கெடுதி செய்யும் என்று நடுத்தெருவில் பூசணிக்காயை உடைக்கிறார்கள். அதில் வழுக்கி விழுந்தவனுக்குக் கால் ஒடிந்தால், உடைத்தவனைக் கேட்பதில்லை. அவனுக்கு நேரம் சரியில்லை என்று சொல்லிவிடுகிறார்கள்! கண்ணெதிரே கிடக்கிற பூசணிக்காயைக்கூடக் காரணமென்று சொல்ல மறுக்கிற அளவுக்கு நம்முடைய புத்தி பழகிப் போயிருக்கிறது.

அடுத்தபடியாகப் பாக்கியம் என்கிற வார்த்தையைப் பார்ப்போம். இதில்தான் நம்முடைய கதையே அடங்கியிருக்கிறது. பாக்கியம் என்பது பாகம் என்பதிலிருந்து வந்தது. பாகம் என்றால் பங்கு. பாகப்பிரிவினை என்றால் உங்களுக்கெல்லாம் தெரியும். ஆகவே பாக்கியவான் என்றால் பங்கு கிடைத்தவன். பகவான் என்கிற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். பங்கை, செல்வத்தை உடையவன் என்பது பொருள். பக்தன் என்பதும் அதே வேர்தான். வேடிக்கை பார்த்தீர்களா? பங்கையெல்லாம் கையில் வைத்திருக்கிறவன் பகவான். அவனிடத்தில் கையேந்தி நிற்கிறவன் பக்தன்!

இந்த வேர் நம் நாட்டோடு நின்றுவிடவில்லை. பாரசீகர்கள் அதிர்ஷ்டத்தைப் ‘பக்த்’ என்கிறார்கள். அதுவும் பகுத்துக் கொடுக்கப்பட்டது என்கிற அர்த்தமுள்ள அதே வேர்தான் என்று மொழிநூல் வல்லவர்கள் சொல்லுகிறார்கள். ஹிந்துஸ்தானி பேசுகிறவர்கள் கோபம் வந்தால் ‘கம்பக்த்’ என்று திட்டுகிறார்களே, அதற்குப் பங்கு குறைந்தவன் என்று பொருள். இமயமலைக்கும் அப்பால், மத்திய ஆசியாவிலே கிர்கிஸ் என்றொரு ஜாதியார் இருக்கிறார்கள். ஆடும் குதிரையும் மேய்த்து, வட்டக் கூடாரம் போட்டு, மலைக்கு மலை மாறி வாழ்ந்தவர்கள். அவர்கள் பாஷையில் இன்பத்துக்குப் பெயர் ‘பக்கித்’. பாரசீகத்திலிருந்து வாங்கிய அதே சொல்தான். அதிர்ஷ்டத்துக்கு அவர்கள் சொல்லும் இன்னொரு சொல் ‘தாலாய்’ என்பது, அரபியிலிருந்து போனது, உதயமாகிற நட்சத்திரம் என்று அர்த்தம். நம்முடைய ஜோசியர் லக்கினம் என்று சொல்லுகிறாரே, அதேதான். இன்னும் ‘குத்’ என்று ஒன்று உண்டு. அது கூடாரத்தின் உச்சித் துவாரத்தின் வழியாக மேலிருந்து அடுப்பிலே வந்து விழும், நல்லவன் கைக்கு மாத்திரம் அகப்படும் என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை. நம்முடைய கிழவிகள், தெய்வம் கொடுக்கிறபோது கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்று சொல்லவில்லையா? அவர்கள் கூடாரத்திலே துவாரம் இருந்தது, நமக்குக் கூரையைப் பிய்க்க வேண்டியதாயிற்று, வித்தியாசம் அவ்வளவுதான்!

ஜெர்மானியரும் அதிர்ஷ்டத்துக்கும் இன்பத்துக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷில் ‘ஹாப்பி’ என்பதும் தற்செயல் என்று பொருள்படும் ஒரு பழைய சொல்லிலிருந்து பிறந்ததே. ஆகவே உலகமெங்கும் பழைய மனிதன் இன்பத்தை மேலேயிருந்து விழுகிற ஒரு பங்காகவே நினைத்தான். மழை பொய்த்தாலும், ஆட்டுக்கு நோய் வந்தாலும், பனியில் குழந்தை விறைத்தாலும் அவன் செய்யக்கூடியது ஒன்றுமில்லாமல் இருந்த காலம் அது. அதற்காக நாம் கிர்கிஸ்காரனையும் குறை சொல்லவில்லை, நம்முடைய பாட்டன்மாரையும் குறை சொல்லவில்லை.

ஆனால் தோழர்களே, நம் நாட்டில் இதற்குமேல் ஒரு காரியம் நடந்திருக்கிறது. இன்னாருக்கு இன்ன பங்கு என்று பிறப்பைக் கொண்டே எழுதி வைத்துவிட்டார்கள். சூத்திரன் சக்தியுள்ளவனாயிருந்தாலும் பொருள் சேர்க்கக்கூடாது என்று மநுதர்மம் பத்தாவது அத்தியாயத்தில் எழுதியிருக்கிறது. நீங்கள் உங்கள் தமையனோடு பாகம் பிரித்துக்கொள்ள வேண்டுமானால் என்ன செய்கிறீர்கள்? சர்வே நம்பர் என்ன, எல்லை எது, சாட்சி யார் என்று பார்த்து, முத்திரைப் பத்திரத்தில் எழுதி, சார்பதிவாளர் ஆபீசில் பதிவு செய்கிறீர்கள். ஒரு சென்ட் குறைந்தாலும் கோர்ட்டுக்குப் போகிறீர்கள். ஆனால், தேசத்து நிலமும், படிப்பும், உத்தியோகமும், கோவிலும், குளமும் பிரிக்கப்பட்ட பத்திரத்தை மாத்திரம் நீங்கள் பார்த்ததில்லை. யார் பிரித்தது, சாட்சி யார், எந்த ஆபீசில் பதிவாயிற்று என்று கேட்டதில்லை. கேட்டவனுக்கு, அது உன் பாக்கியம், போன ஜென்மத்தில் நீ செய்த வினை என்று பதில் சொன்னார்கள். பங்கை எடுத்துக்கொண்டதோடு நில்லாமல், பறிகொடுத்தவனையே பாவி என்றும் சொல்லிவிட்டார்கள். திருடு கொடுத்தவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற இப்படிப்பட்ட நியாயம் உலகத்தில் வேறெங்கே உண்டு?

நமது இயக்கம் செய்தது ஒன்றே ஒன்றுதான். பாக்கியம் என்று சொல்லிக்கொண்டிருந்ததைப் பாகம் என்று சொல்லச் சொன்னோம். வகுப்புவாரி உத்தரவு என்பது என்ன? பங்கு கேட்டதுதானே? 1928-ல் நடைமுறைக்கு வந்த அந்த உத்தரவு செல்லாதென்று 1950-ல் சென்னை ஹைக்கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. சுப்ரீம் கோர்ட்டும் 1951-ல் அப்படியே சொல்லிற்று. விதி என்று நாம் உட்கார்ந்துவிடவில்லை. ஊர் ஊராகக் கிளர்ச்சி நடந்தது; அதே 1951-ல் அரசியல் சட்டமே முதன்முதலாகத் திருத்தப்பட்டது. பிரமன் எழுதியதைத் திருத்த முடியாது என்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வெகு தூரம் போக வேண்டாம். இந்த ஜில்லாவிலேயே, தண்டராம்பட்டு தாலுகா தென்முடியனூரில், ஆதிதிராவிடத் தோழர்கள் பல தலைமுறைகளாக முத்துமாரியம்மன் கோவிலுக்குள் நுழையக்கூடாதென்று இருந்தது. 2023 ஜனவரி 30-ந் தேதி, கலெக்டரும் போலீசும் கூட நிற்க, அவர்கள் உள்ளே போனார்கள். அந்த அம்மனை நாம் நம்புகிறவர்கள் அல்ல. ஆனாலும், உள்ளே போகக்கூடாது என்பது அவர்கள் தலையிலே எழுதியிருந்ததானால், ஒரு காலை வேளையில் அது எப்படி அழிந்தது? தலையில் எழுதியிருக்கவில்லை, பக்கத்துத் தெருவார் மனத்தில் எழுதியிருந்தது. அதை அழிக்கக் கடவுள் வரவில்லை, சட்டம் வந்தது.

தாய்மார்களே, இனி உங்களுக்குச் சொல்லுகிறோம். கலியாணப் பத்திரிகையிலே பெண்ணின் பெயருக்கு முன்னால் சௌபாக்கியவதி என்று போடுகிறார்கள். நல்ல பங்கு உடையவள் என்று அர்த்தம். எத்தனை நூற்றாண்டாக அப்படிப் போட்டார்களோ, அத்தனை நூற்றாண்டும் அவளுக்குத் தகப்பன் சொத்தில் ஆண் பிள்ளைக்குச் சமமான பங்கு கிடையாது! பங்கு இல்லாதவளுக்குப் பங்குடையவள் என்று பட்டம். புருஷன் இருந்தால் சுமங்கலி. அவன் காய்ச்சலிலோ குடியிலோ செத்துப்போனால் அபாக்கியவதி, முழி சரியில்லாதவள், வந்த வேளை சரியில்லை என்று இவள் தலையிலேயே பழி. அவன் குடித்ததற்கு இவளுடைய ஜாதகம் எப்படி ஜவாப்தாரியாகும்? பெண்களுக்கும் ஆண்களைப் போலச் சொத்துரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாகாண மகாநாட்டில் தீர்மானம் செய்தபோது சிரித்தவர்கள் பலர். 1989-ல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. 2005-ல் இந்தியா முழுவதற்கும் சட்டமாயிற்று. புரோகிதரும் தாலியும் மந்திரமும் இல்லாமல் மாலை மாற்றிக்கொள்ளுகிற சுயமரியாதைத் திருமணமும் 1967-ல் அண்ணா ஆட்சியில் இயற்றிய சட்டத்தால் செல்லுபடியாகும் திருமணமாயிற்று. இவைகளெல்லாம் எந்த விரதத்தால் வந்தன? எந்தக் கிரகம் பெயர்ந்ததால் வந்தன?

தலையெழுத்து என்கிறார்களே, அது என்னவென்று பார்ப்போம். மண்டை ஓட்டிலே கோணல் மாணலாகக் கோடுகள் இருக்கின்றன. அதுதான் பிரமன் எழுத்து என்று காட்டுவார்கள். டாக்டரைக் கேளுங்கள். அது எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் பொருத்துவாய். பிள்ளை பிறக்கும்போது தலை கொஞ்சம் ஒடுங்கி வெளியே வருவதற்கும், பிறகு மூளை வளர இடங்கொடுப்பதற்கும் அந்த எலும்புகள் முதலில் ஒட்டாமல் இருக்கின்றன. பச்சைக் குழந்தையின் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்த ஒவ்வொரு தாய்க்கும் இது தெரியும். அரசனுக்கும் அதே கோடு, ஆண்டிக்கும் அதே கோடு. உண்மையில் மனிதன் வாழ்வை மாற்றிய எழுத்து சிலேட்டிலே எழுதிய எழுத்துதான். 1951-ல் இந்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர். 2011 கணக்கில் நூற்றுக்கு 73 பேர். தமிழ்நாட்டில் 80 பேர். தகப்பன் தொழிலையே பிள்ளை அரை நாள் கற்கட்டும் என்று 1953-ல் ராஜாஜி ஆட்சியில் ஒரு திட்டம் வந்தது. பிரமன் எழுத்தைச் சர்க்கார் கெஜட்டில் ஏற்றப் பார்த்த திட்டம் அது. நம்மவர்கள் எதிர்த்தார்கள், 1954-ல் காமராசர் வந்து அதைக் கைவிட்டார்.

இனி ஜோசியம். காலையில் தொலைக்காட்சியைத் திறந்தால், இன்று இன்ன ராசிக்குச் சந்திராஷ்டமம், ஜாக்கிரதை என்கிறார்கள். சந்திரன் பன்னிரண்டு ராசிகளையும் சுற்ற ஏறக்குறைய 27 நாள் ஆகிறது. ஒரு ராசிக்கு இரண்டேகால் நாள். அப்படியானால் எந்த நிமிஷத்திலும் உலகத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஜனங்களுக்குச் சந்திராஷ்டமம். உலக ஜனத்தொகை 800 கோடியை 2022-லேயே தாண்டிவிட்டது. ஆக, இந்த நிமிஷம் சுமார் 66 கோடிப் பேர் வாயைத் திறக்காமல், வண்டி ஓட்டாமல், கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்! ராகுகாலம் நாளொன்றுக்கு ஒன்றரை மணி, எமகண்டம் ஒன்றரை மணி. கூட்டிப் பாருங்கள், வருஷத்தில் 45 நாள் வீண். விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குப் போகிற ரயில் நம் ஸ்டேஷனில் ராகுகாலம் கழிய நிற்கிறதா? அதே விழுப்புரத்தில் ஒரு ரயில்வே தொழிலாளியின் மகனாகப் பிறந்த வீரமுத்துவேல் அவர்கள் திட்ட இயக்குநராயிருந்து, 2023 ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரயான்-3 சந்திரனின் தென்துருவத்தருகே இறங்கிற்று. தொழிலாளி மகன் சந்திரனில் கலத்தை இறக்குகிறான். படித்தவன் என்று சொல்லிக்கொள்ளுகிறவன் சந்திரனுக்குப் பயந்து வீட்டிலே இருக்கிறான்!

நம்மூர் விஷயத்துக்கு வருவோம். மலையைச் சுற்றி எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. அவைகளில் குபேர லிங்கத்துக்குத்தான் இப்போது மவுசு அதிகம். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் குபேரனே இறங்கி வந்து பூஜை செய்கிறான், அன்று சுற்றினால் பணம் கொழிக்கும் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நாம் கேட்கிறோம்: அந்தக் குபேரன் வாசலிலேயே வருஷம் முழுவதும் உட்கார்ந்து பூ விற்கிற அம்மாள் ஏன் பணக்காரியாகவில்லை? விடிந்ததும் அந்தப் பாதையில் இலையையும் காகிதத்தையும் கூட்டி அள்ளுகிற துப்புரவுத் தொழிலாளி எத்தனை முறை மலையைச் சுற்றி வந்திருப்பார்! அவருக்கல்லவா முதலில் பங்களா கிடைத்திருக்க வேண்டும்? குபேரன் பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கூலி. பத்து மைலுக்கு அப்பாலிருந்து வருகிறவனுக்குக் கோடி என்றால் அதென்ன கணக்கு?

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சுற்றி வந்தவர்கள், மனதுக்குச் சந்தோஷமாயிருந்தது என்கிறார்கள். அது பொய்யல்ல. முழு நிலவு, குளிர்ந்த காற்று, கூட வருகிற சொந்தபந்தங்களோடு பேச்சு, வழியிலே சுண்டலும் தேநீரும், முன்பின் தெரியாதவனோடு ஜாதி கேட்காமல் தோளுரச நடப்பது, விடியுமட்டும் அடுப்படியை மறந்திருப்பது. இவைகளெல்லாம் இன்பந்தான். அதிலும் நம் பெண்களுக்கு இரவில் பயமில்லாமல் வெளியே நடப்பதென்பது வருஷத்தில் எத்தனை நாள் கிடைக்கிறது? ஆகவே இன்பம் உண்மை. அதற்குக் காரணமென்று சொல்லுவதுதான் உண்மையல்ல. நிலவும் நடையும் கூட்டமும் கொடுத்த இன்பத்தைக் கல்லின் கணக்கில் வரவு வைக்கிறோம்.

தமிழில் இன்பத்துக்கு வழங்கும் சொற்களைப் பாருங்கள். இன்பம், மகிழ்ச்சி, உவகை, களிப்பு. இவைகளில் ஒன்றாவது அதிர்ஷ்டத்திலிருந்து பிறந்ததல்ல. இன்பம் என்பது இனிமையிலிருந்து வந்தது. நாவுக்கும் காதுக்கும் தெரிகிற இனிமை. உவகை எவைகளால் பிறக்கிறதென்று தொல்காப்பியம் நான்கு காரணங்கள் சொல்லுகிறது: செல்வம், அறிவு, காதலர் கூடுதல், விளையாட்டு. நான்கும் இவ்வுலகத்துக் காரியங்கள். அந்த நான்கில் நட்சத்திரமும் இல்லை, பரிகாரமும் இல்லை.

தமிழிலும் ஊழ் என்று இருக்கிறதே என்று புலவர்கள் கேட்பார்கள். இருக்கிறது. குறளில் 38-ஆம் அதிகாரம் ஊழ். 62-ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. சோர்வில்லாமல் உழைக்கிறவர்கள் அந்த ஊழையும் முதுகு காட்டி ஓடச் செய்வார்கள் என்பது அதில் உள்ள கருத்து. இரண்டில் எது நமக்குப் பயன்படுகிறதோ அதை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. ஊழ்வினை விடாது என்று காட்டத்தான் சிலப்பதிகாரம் பாடப்பட்டதாக அந்நூலே சொல்லுகிறது. ஆனால் கதையைப் பாருங்கள். பொற்கொல்லன் திருடினான்; பொய் சொன்னான்; அரசன் விசாரிக்காமல் கொல்லச் சொன்னான். கோவலன் செத்தான். இதில் ஊழுக்கு என்ன வேலை? கண்ணகியும் ஊழ் என்று அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் கதையே இல்லை. அவள் சபைக்குப் போய், என் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. சாட்சியம் காட்டி நியாயம் கேட்டவள் அவள். அவளைக் கும்பிடுகிற நாம் அவளைப் போலக் கேள்வி மாத்திரம் கேட்பதில்லை!

சிலர் நம்மை, அய்யா, தற்செயல் என்பதே கிடையாதா என்று கேட்கலாம். உண்டு. ஒருவன் பஸ்ஸைத் தவறவிட்டான், அந்தப் பஸ் கவிழ்ந்தது, அவன் பிழைத்தான். அது தற்செயல். தற்செயலுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. அதிர்ஷ்டம் என்றால் ஆள் பார்த்து வருவதாக அர்த்தம். லாட்டரிச் சீட்டில் யாராவது ஒருவருக்கு விழுந்தே தீரும், யாருக்கென்பது தற்செயல். தவறாமல் ஜெயிக்கிறவன் சீட்டு விற்கிறவன் ஒருவனே. நம்முடைய நண்பர்கள் ஆட்சியில்தான் 1968-ல் சர்க்கார் லாட்டரி ஆரம்பமாயிற்று. கூலிக்காரன் வீட்டு அரிசிக் காசெல்லாம் அதில் போயிற்று. 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியே தடை செய்யப்பட்டது. நண்பர்கள் செய்ததாயிருந்தாலும் அதிர்ஷ்டத்தை விற்பது விற்பதுதான்.

இன்னும் சிலர், விதி என்று நம்புவது ஏழைக்கு ஓர் ஆறுதலாயிற்றே, அதையும் ஏன் பிடுங்குகிறீர்கள் என்கிறார்கள். இதற்குச் சற்று நின்று பதில் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் 1-ந் தேதி, புயல் மழையிலே, இந்த மலைச் சரிவில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின்மேல் விழுந்தன. 7 பேர் மாண்டார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். அந்த வாசலில் நின்று அழுத தாய், என் விதி என்று சொன்னால் நாம் அவளோடு வாதாடப் போவதில்லை. துக்க வீட்டில் தர்க்கம் செய்கிறவன் பகுத்தறிவுக்காரன் அல்ல. ஆனால், அழாதவனும் அதே வார்த்தையைச் சொல்லுகிறான்; விசாரணையை அதோடு முடித்துவிடுகிறான். மழை எவ்வளவு பெய்தது, மண் ஏன் நெகிழ்ந்தது, ஏழை ஏன் மலைச் சரிவில் குடியிருக்க வேண்டியதாயிற்று, சமவெளியிலே அவனுக்கு எட்டுகிற விலையில் ஒரு மனை ஏன் இல்லை என்கிற கேள்விகளையெல்லாம் விதி என்கிற ஒரே சொல் மூடிவிடுகிறது. தாய்க்கு அது ஆறுதல். பொறுப்புள்ளவனுக்கு அது விடுதலைப் பத்திரம்.

அந்த மாதமே வந்த கார்த்திகைத் தீபத்துக்கு என்ன செய்தார்கள்? மலையே சிவன் என்கிறார்களே, சிவனையா கேட்டார்கள்? மண்ணையும் பாறையையும் படித்த நிபுணர்களை வரவழைத்து மலையைப் பரிசோதித்தார்கள். அவர்கள் சொன்னதன்மேல், பக்தர்கள் மலை ஏறக்கூடாதென்று தடுத்தார்கள். அது மிகவும் சரியான காரியம், நாம் பாராட்டுகிறோம். நாம் கேட்பது, அந்த நிபுணர்களை மழைக்கு முன்னால் ஏன் கூப்பிடவில்லை என்பதுதான். அதிர்ஷ்டத்தை நம்புகிற தேசம் எப்போதும் பிணம் விழுந்த பிறகுதான் காரணத்தைத் தேடும்.

ஆகவே தோழர்களே, பாக்கியம் என்பது வேறொருவன் பிரித்து வைத்த பங்கு. பகுத்தறிவு என்பதிலும் ‘பகு’ என்கிற சொல் இருக்கிறது. அது தமிழ்ச் சொல். பிரித்துப் பார் என்று அர்த்தம். நாமே பிரித்துப் பார்த்து அறிவது பகுத்தறிவு. உங்கள் வீட்டில் அடுத்த கலியாணம் வரும்போது, பத்திரிகையில் சௌபாக்கியவதி என்று அச்சடிப்பதற்கு முன், அந்தப் பெண்ணுக்குரிய பாகத்தைப் பத்திரத்தில் எழுதியாயிற்றா என்று கேளுங்கள். தெருவில் ஒரு குழந்தை காய்ச்சலில் போய்விட்டால், அழுது முடித்த பிறகு, தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்களா என்று போய்க் கேளுங்கள். அடுத்த மழை வருவதற்கு முன், மலைச் சரிவில் இருக்கிறவர்களுக்கு மாற்று இடம் எங்கே என்று மனுக் கொடுங்கள்; பதில் வருகிற வரையில் மறுபடியும் மறுபடியும் கொடுங்கள்.

நாம் சொன்னதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் நடந்து காட்டுங்கள். தப்பென்று பட்டால் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.